எடை குறைந்த ஏணி: பின்பக்கம் ஒரு கம்பி கட்டினால் போதுமா?

பிப்ரவரி 4, வாசகர் கேள்வி

4 மீட்டர் அலுமினிய ஏணி 9 கிலோ இருக்கிறது. 80 கிலோ ஆளைத் தாங்க 9 கிலோ உலோகம் தேவையா? சைக்கிளும் அதே ஆளைத்தான் சுமக்கிறது, குண்டு குழியில் எல்லாம் குதிக்கிறது, அதன் சட்டம் 2 கிலோதான். ஏணியில் யாரும் மூளையைச் செலவழிக்கவில்லை என்று நினைக்கிறேன். பாதியாகக் குறைக்க முடியும் என்பது என் வாதம். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பிப்ரவரி 4, இரவு

செய்து பார்த்ததில்லை. ஆனால் 14 வருடமாகச் சுவருக்கு வண்ணம் பூசுகிறேன், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை ஏணியைத் தூக்கி நகர்த்தி வைக்கிறேன், வலது தோள் போன வருடமே பேச ஆரம்பித்துவிட்டது. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

முதலில் சைக்கிள். அந்த ஒப்பீடு ஏணிக்குப் பொருந்தாது. சைக்கிள் சட்டத்தில் மிக நீளமான குழாய் 60 செ.மீ. இருக்கும், அதுவும் முக்கோணத்துக்குள் கட்டுப்பட்டுக் கிடக்கிறது. ஏணியின் பக்கச் சட்டம் 4 மீட்டர், இரண்டு முனையில் மட்டும் பிடிப்பு. ஒரு குழாயின் நடுவில் ஒரே பாரத்தை வைத்தால் தொய்வு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நீளம் கிட்டத்தட்ட 7 மடங்கு என்றால் தொய்வு 300 மடங்கு. ஏணி செய்பவர்கள் போராடுவது இந்த நீளத்தோடுதான்.

ஆனால் ஒரு விஷயம் ரொம்ப நாளாக என் மனதில் இருக்கிறது. ஏணியில் ஒரு பக்கமாக மட்டும்தான் ஏறுகிறோம். அதனால் அது எப்போதும் ஒரே பக்கம்தான், சுவரை நோக்கித்தான், வளைகிறது. வளையும்போது நம் பக்கத்து விளிம்பு அமுங்குகிறது, சுவர்ப் பக்கத்து விளிம்பு இழுபடுகிறது. அமுக்கத்தைத் தாங்கக் குழாய் வேண்டும், சரி. இழுப்பைத் தாங்க எதற்குக் குழாய்? கம்பி போதுமே. பக்கச் சட்டத்தை மெலிதாக்கிவிட்டு, சுவர்ப் பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு ஸ்டீல் கம்பிக்கயிறு ஓட்டி, நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு முட்டுக்கால் கொடுத்து அதைத் தள்ளி நிறுத்தினால் என்ன? வில்லும் நாணும் போல. ஒரு சட்டத்துக்கு ஒன்று வீதம் இரண்டு கயிறு. ஏறும்போது கால் படிகளின் நடுவில்தான் நுழைகிறது, கயிறு இரண்டு ஓரத்திலும் இருப்பதால் கால் மாட்டாது.

சுவர் இடிக்காதா என்று கேட்பீர்கள். 4 மீட்டர் ஏணியை 75 பாகைச் சாய்வில் வைத்தால் அடி சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும், நடுப்பகுதியில் அரை மீட்டர் இடைவெளி இருக்கும். 20 செ.மீ. முட்டு அதற்குள் தாராளமாக அடங்கும்.

பிப்ரவரி 5

கணக்குப் போட்டேன். 75 பாகைச் சாய்வு என்பது ஏணிக்காரர்களின் பழைய விதி: 4 பங்கு உயரத்துக்கு 1 பங்கு அடி தள்ளி. அந்தச் சாய்வில் ஆளின் எடையில் 26 சதவீதம் மட்டுமே ஏணியை வளைக்கிறது, மிச்சம் சட்டம் வழியாகத் தரைக்கு இறங்கிவிடுகிறது. 80 கிலோ ஆள் நடுவில் நின்றால் வளைக்கும் பாரம் 21 கிலோதான்! ஆனால் அதே ஏணியை 60 பாகையில் படுக்க வைத்தாற்போல் வைத்தால் 40 கிலோ ஆகிவிடும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. படுத்தாற்போல் வைத்த ஏணி ஏன் அப்படித் துள்ளுகிறது என்பது இத்தனை வருடம் காலில் தெரிந்தது, நேற்றுத்தான் காகிதத்தில் தெரிந்தது.

தயாரிப்பாளர்கள் 21 கிலோவுக்காக ஏணி செய்வதில்லை. பலமும் தொய்வும் பார்க்கிற சோதனையில் ஏணியைக் கிடையாகப் படுக்க வைத்து, இரு முனையையும் தாங்கி, நடுவில் பாரம் ஏற்றுகிறார்கள். அது நியாயம்தான், ஏனென்றால் மனிதர்கள் 75 பாகையில் வைப்பதில்லை. ஐரோப்பியத் தரமான இஎன் 131 இல் ஆளும் கையில் உள்ள சாமானும் சேர்த்து 150 கிலோ வரை என்று இருக்கிறது. எனவே நான் எதைச் செய்தாலும் கிடைச் சோதனையில் பழைய ஏணியோடு ஒப்பிட்டுத்தான் பேசுவேன். கண்ணால் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

"வேறு உலோகத்துக்கு மாறினால் போதாதா, மக்னீசியம் இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. இரும்பின் விறைப்பு 200 ஜிகாபாஸ்கல், அடர்த்தி 7.85. அலுமினியம் 70, 2.7. மக்னீசியம் 45, 1.74. விறைப்பை அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள், மூன்றுக்கும் 26-ஐ ஒட்டித்தான் வருகிறது. நல்ல மரத்துக்கும் ஏறக்குறைய அதே. எடைக்கு எடை இவை எல்லாம் ஒரே விறைப்புத்தான்.

அப்படியானால் இரும்பில் ஏன் யாரும் லேசான ஏணி செய்வதில்லை? செய்யலாம், ஆனால் குழாயின் சுவர் தகரம் போல அரை மி.மீ.க்கும் கீழே போய்விடும், ஒரு தடவை கல்லில் மோதினால் நசுங்கும். அடர்த்தி குறைந்த பொருளில் அதே எடைக்குத் தடித்த சுவர் கிடைக்கிறது, அல்லது குழாயையே பெரிதாக்கலாம். மூங்கில் இந்த இடத்தில்தான் கெட்டிக்காரத்தனம் செய்கிறது. உள்ளே வெற்றிடம், நார் எல்லாம் வெளி ஓரத்தில் நெருக்கமாக, நசுங்காமல் இருக்கக் கணுவுக்குக் கணு ஒரு தடுப்பு. அந்தக் கணுக்களையே படியாக விட்டால் கண்ணேணி. ஒற்றைக் கால் ஏணிக்குத் தமிழில் தனிப் பெயரே இருக்கிறது!

கார்பன் இழை மட்டும்தான் உண்மையிலேயே வேறு ரகம், எடைக்கு எடை மூன்று மடங்கு விறைப்பு. ஆனால் அது மின்சாரம் கடத்தும். உள்ளே அடிபட்டால் வெளியே தெரியாமலும் போகலாம். தினமும் தரையில் விழுகிற சாமானுக்கு அது எனக்குப் பயம்.

பிப்ரவரி 9

செய்துவிட்டேன். அதாவது முதல் முயற்சி.

மைத்துனர் லேத் வேலை செய்பவர், அவர் பட்டறையில் ஒரு ஞாயிறு. பக்கச் சட்டத்துக்கு 38 × 25 மி.மீ. அலுமினியச் செவ்வகக் குழாய், சுவர் கனம் 1.2 மி.மீ. மட்டும். மீட்டருக்கு 400 கிராம்கூட இல்லை, இரண்டு சட்டமும் சேர்த்து 3.1 கிலோ. கையில் எடுத்தபோது இதில் ஏறுவதா என்றுதான் தோன்றியது. படிகள் 25 மி.மீ. உருண்டைக் குழாய், 30 செ.மீ.க்கு ஒன்று, மொத்தம் 13. கயிறு கட்டாமல் படுக்க வைத்து நடுவில் 25 கிலோ மணல் மூட்டை ஒன்று வைத்தோம். 7 செ.மீ. தொய்ந்தது. இரண்டாவது மூட்டையை வைக்கவில்லை. மூன்று மூட்டைக்கு 20 செ.மீ. வரும் என்று கணக்கு சொன்னது, அதற்குள் குழாய் மடங்கியே போயிருக்கும்.

பிறகு 4 மி.மீ. கம்பிக்கயிறு, நுனியில் முறுக்கி இறுக்க டர்ன்பக்கிள். முட்டுக்கால் ஒன்று போதாது, மூன்றில் ஒரு பங்குக்கு ஒன்று வீதம் இரண்டு வைத்தால் இன்னும் பலம் என்று நினைத்தேன். நடுவில் பாரம் வைத்தபோது அருமையாக நின்றது. மூட்டைகளை ஒரு முனைப் பக்கம் நகர்த்தினோம், பாரம் இருந்த பக்கம் கீழே போனது, மறுபக்கம் மேலே எழும்பியது, ஏணி பாம்பு மாதிரி இரட்டை வளைவு எடுத்துவிட்டது. கயிறு இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு முட்டு இறங்கினால் மற்றது ஏறி, கயிற்றின் மொத்த நீளம் மாறாமலே சமாளித்துக்கொள்கிறது. இரண்டு முட்டுக்கும் நடுவில் குறுக்குக் கம்பி போட்டால் சரியாகும், ஆனால் அப்புறம் அது ஏணி இல்லை, பாலம்.

ஏறுகிற ஆள் நடுவில் மட்டும் நிற்பதில்லை. ஒவ்வொரு படியிலும் நிற்கிறார். இதை நான் முதல் நாளே யோசித்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 10

காற்றடைத்த ஏணி பற்றிக் கேட்டவருக்கு: ஆசையான யோசனை, சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளலாம். 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 1 பார் அழுத்தம் ஏற்றினால் சுமார் 20 நியூட்டன் மீட்டர் வளைவில் துணி சுருங்கத் தொடங்கிவிடும். நம் 80 கிலோ ஆளுக்கு, 75 பாகையில், ஒரு சட்டத்துக்கு 100 வேண்டும். அழுத்தத்தை ஐந்து மடங்கு ஆக்கலாம் அல்லது குழாயைத் தொடை அளவுக்குப் பருக்க வைக்கலாம். தொடை அளவுக் குழாயைக் கையால் எப்படிப் பிடித்து ஏறுவது?

பிப்ரவரி 16

ஒற்றை முட்டு. நடுவில் மட்டும், 20 செ.மீ. நீளம், இரண்டு பக்க முட்டுக்காலையும் குறுக்கே ஒரு குழாயால் இணைத்து ப வடிவில். முதலில் தனித்தனியாக விட்டிருந்தேன், கயிற்றை இறுக்கும்போது ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து விரலில் அடித்தது. இணைத்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. கீல் வைத்திருப்பதால் தூக்கிப் போகும்போது ஏணியோடு படிந்து மடிகிறது.

75 கிலோ, நடுவில், கிடையாக: 4 செ.மீ. தொய்வு. பழைய 9 கிலோ ஏணியை அதே இடத்தில் அதே மூட்டைகளோடு வைத்துப் பார்த்தோம்: நாலரை செ.மீ.

பாரத்தைக் கால்வாசித் தூரத்தில் வைத்தாலும் பாம்பு வளைவு வரவில்லை. நடுப்புள்ளி அதிகம் அசையாததால் ஒவ்வொரு பாதியும் 2 மீட்டர் ஏணி மாதிரி தனியாக நடந்துகொள்கிறது. நீளம் பாதியானால் தொய்வு எட்டில் ஒன்று என்ற கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்பும் இடம் இது.

கயிற்றில் எவ்வளவு இழுப்பு வருகிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. முட்டு 20 செ.மீ.தான், ஒரு பக்கத்துக் கயிற்று நீளமோ 190 செ.மீ., அதனால் முட்டில் இறங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கயிறு கிட்டத்தட்ட 5 கிலோ இழுக்க வேண்டும். இந்தச் சோதனையில் ஒரு கயிற்றுக்கு 180 கிலோவரை போகும். முட்டுக்காலை நீட்டினால் இழுப்பு குறையும், ஆனால் எல்லாவற்றிலும் இடிக்கும். 20 இல் நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று. கயிற்றைத் தளர்வாக விட்டால் பிரயோஜனமே இல்லை, ஏணி வளைந்து வளைந்து கயிறு இறுகும்வரை அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். முன்கூட்டியே இறுக்க வேண்டும். 30 கிலோ அளவுக்கு இறுக்கினேன், ஏணி ஆள் ஏறும் பக்கமாக 3 செ.மீ. முதுகு நிமிர்த்தி நிற்கிறது. பாரம் ஏறியதும் நேராகிறது. முதல்முறை அதைப் பார்த்தபோது மைத்துனரும் நானும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது.

மொத்த எடை 5.7 கிலோ.

பிப்ரவரி 17

இரண்டு திருத்தம்.

ஒன்று, 4-ஆம் தேதி நான் எழுதியதைப் படித்தால் இது என் கண்டுபிடிப்பு என்ற தொனி இருக்கிறது. இல்லை. மர ஏணிக் காலத்திலேயே பக்கச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் நீளவாக்கில் காடி வெட்டி, அதில் ஸ்டீல் கம்பி பதித்திருக்கிறார்கள். தீயணைப்பு ஏணிகளில் சட்டத்தையே இரண்டு மெல்லிய கட்டையாகப் பிளந்து இடையில் முட்டுகள் வைத்த வகையும் இருந்திருக்கிறது. மர ஏணியில் கம்பி சட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும், ஒருவேளை மரம் முறிந்தாலும் ஆள் சட்டென்று விழாமல் இருக்க அது உதவும். என்னுடையதில் தள்ளி நிற்பதால் விறைப்பு கிடைக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான். யோசனை பழையது, மறந்துபோனது.

இரண்டு, ஒருவருக்குத் தனியாகப் பதில் சொல்லும்போது படிகளை வெல்டிங் செய்யலாம் என்று சொல்லியிருந்தேன். தயவுசெய்து வேண்டாம். ஏணிக்குப் பயன்படும் அலுமினியக் கலவைகள் வெப்பப் பதப்படுத்தலால்தான் பலம் பெறுகின்றன, வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்ப் பலம் பாதிக்கு அருகில் இறங்கிவிடும். அதனால்தான் கம்பெனி ஏணிகளில் படிக்குழாயைத் துளையில் நுழைத்துப் பிதுக்கி இறுக்குகிறார்கள். நாங்களும் லேத்தில் ஓர் உருளை செய்து அப்படியே பிதுக்கினோம். துளை போடுவது எப்போதும் சட்டத்தின் நடுக்கோட்டில், விளிம்பை ஒட்டிப் போடக் கூடாது.

பிப்ரவரி 23

ஒரு வாரம் வேலைக்கு எடுத்துப் போனேன், ஏறுவதற்கு இன்னும் பழைய ஏணிதான், இதைச் சும்மா தூக்கி நகர்த்தி நிறுத்திப் பழக. என் கவனம் முழுக்க இப்போது வேறு பக்கம் போய்விட்டது.

கிலோ எத்தனை என்பதைவிட அந்தக் கிலோ ஏணியில் எங்கே இருக்கிறது என்பதுதான் தோளுக்குத் தெரிகிறது. அடியை எதிலாவது முட்டுக்கொடுத்து, கைமாற்றிக் கைமாற்றி நடந்து நிமிர்த்துகிறோம் இல்லையா, அப்போது கை தோள் உயரத்தில், சுமார் ஒன்றரை மீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மிகக் கஷ்டமான இடம் 45 பாகை. 9 கிலோ, 4 மீட்டர் ஏணிக்கு அந்த இடத்தில் கையில் 6 கிலோ. பரவாயில்லை. 14 கிலோ, 6 மீட்டர் ஏணிக்கு? முழுசாக 14 கிலோ. ஒன்றரை மடங்கு நீளமானதற்கு இரண்டு மடங்குக்கு மேல் பாரம், ஏனென்றால் எடையும் கூடுகிறது, அந்த எடை இருக்கிற தூரமும் கூடுகிறது.

உச்சியில் இருக்கும் 1 கிலோ, நடுவில் இருக்கும் 2 கிலோவுக்குச் சமம். அடியில் இருக்கும் கிலோ நிமிர்த்தும்போது கணக்கிலேயே வராது. ஏணியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நாலு அடி நகர்வோமே, அப்போதும் இதே கதைதான், உச்சி கொஞ்சம் சாய்ந்தால் மணிக்கட்டு அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். என் தோளைக் கெடுத்தது அந்த நகர்வுதான் என்று இப்போது நம்புகிறேன். சாய்த்து நிமிர்த்துவது நாளைக்குப் பத்துத் தடவை, பக்கவாட்டில் நகர்வதோ முப்பது தடவை.

ஆகவே மேல் பாதியில் குறைக்கும் 300 கிராம், கீழ்ப் பாதியில் குறைக்கும் ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்டச் சமம். மரமேறிப் பழம் பறிப்பவர்களின் முக்காலி ஏணியைப் பாருங்கள், அடி அகலம், உச்சி குறுகல். மூங்கிலும் நுனிக்குப் போகப் போகச் சிறுக்கிறது, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த ஏணியில் அடி 40 செ.மீ., உச்சி 25 செ.மீ. வைக்கப்போகிறேன். படிகள் குறுகுவதால் எடையும் குறையும்.

மேலே உள்ள மூன்று படியில் யாரும் நிற்கக் கூடாது என்பது விதி, அது கைப்பிடிக்கு மட்டும், எனவே அந்தப் படிகளை மெலிதாக்கலாமா என்றும் ஒரு யோசனை ஓடியது. ஒரு நாள் முழுக்க அதை வைத்திருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். நின்றுவிடுவார்கள். நானே நின்றிருக்கிறேன்.

மார்ச் 2

"கனமான ஏணிதான் வழுக்காது, லேசாக்கினால் ஆபத்து" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். நானும் இதை நம்பியவன்தான், அதனால் மெனக்கெட்டுக் கணக்குப் போட்டேன்.

அடி வழுக்காமல் இருக்கத் தேவையான உராய்வு, ஆள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார், ஏணி எவ்வளவு சாய்வு என்பதைப் பொறுத்தது. சுவரில் உராய்வே இல்லை என்று மோசமாக வைத்துக்கொள்வோம். 80 கிலோ ஆள் முக்கால் உயரத்தில், 75 பாகை: 9 கிலோ ஏணிக்குத் தேவையான உராய்வு எண் 0.194. என் 5.7 கிலோ ஏணிக்கு 0.197. அவ்வளவுதான் வித்தியாசம்! அதே ஏணியை 65 பாகைக்குச் சாய்த்தால் 0.35-ஐ நெருங்கும். எடை என்ன செய்தாலும் சாய்வுதான் ஆளைக் கீழே தள்ளுகிறது. ஆள் ஏற ஏறத் தேவை கூடிக்கொண்டே போகும் என்பதையும் பாருங்கள். கீழே இரண்டாம் படியில் நின்று குதித்துப் பார்த்து, "வழுக்கவில்லை" என்று முடிவு செய்து மேலே போவது ஒன்றையும் நிரூபிப்பதில்லை.

ஆனால் அவர்கள் சொன்னதில் ஒரு பாதி உண்மை. ஆள் இல்லாத ஏணியைக் காற்று தள்ளும். போன வாரம் சாப்பிடப் போய் வருவதற்குள் என் புது ஏணி சுவரோடு பக்கவாட்டில் சரிந்து வண்ண வாளி மேல் விழுந்து கிடந்தது. பழைய ஏணி இப்படி விழுந்ததில்லை. இனி இறங்கும்போதெல்லாம் உச்சியை எதிலாவது கட்டிவிடுகிறேன்.

மார்ச் 3

நேற்று இரவு தூக்கம் வராமல் வேறு ஒன்று தோன்றியது. ஏணியின் எடை முழுவதும் எதற்குக் கொடுக்கிற விலை? கீழேயிருந்து நிறுத்துவதற்கு. மேலேயிருந்து தொங்கவிட்டால் வளைவே கிடையாது, இழுப்பு மட்டும்தான், இழுப்புக்குக் கம்பி போதும்.

குகைகளுக்குள் இறங்குபவர்கள் இதை எப்போதோ முடித்துவிட்டார்கள். 1930களில் ராபர்ட் டி ஜோலி என்ற பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் மெல்லிய ஸ்டீல் கம்பிக்கயிற்றில் எலக்ட்ரான் என்ற மக்னீசியக் கலவைப் படிகளைக் கோத்து ஏணி செய்தார், அந்த வகைக்கு எலக்ட்ரான் ஏணி என்றே பெயர் நின்றுவிட்டது. படியின் அகலம் ஒரு சாண்கூட இல்லை, ஒரு கால் மட்டும் நுழையும். சுருட்டினால் ஒரு கைக்குள் அடங்கிவிடும். அதற்கு முன் அவர்கள் சுமந்தது கனமான கயிறும் மரப் படியும், நனைந்தால் இன்னும் கனம்.

ஏறுவதுதான் வேறு வித்தை. நூலேணியில் நேராகக் காலை வைத்தால் கால் முன்னே ஓடிவிடும், உடம்பு மல்லாந்து தொங்கும், முழு எடையும் கையில். அதனால் கைகளைப் பின்பக்கமாகக் கொண்டுபோய்ப் பிடிப்பார்கள், ஒரு காலைப் பின்பக்கத்திலிருந்து குதிகால் வழியாக வைப்பார்கள். உடம்பு ஏணியோடு ஒட்டி நிற்கும்.

கப்பலில் வழிகாட்டி மாலுமி ஏறும் நூலேணியும் தொங்குவதுதான். ஆனால் அது லேசு இல்லை: படிக்குப் படி 31 முதல் 35 செ.மீ., அகலமான தட்டைப் படிகள், திருகிக்கொள்ளாமல் இருக்க இடையிடையே நீளமான பலகை, 9 மீட்டருக்கு மேல் அதில் மட்டும் ஏறக் கூடாது என்று சர்வதேச விதி. தொங்கும் ஏணிக்கும் பக்கவாட்டு நிதானம் வேண்டுமென்றால் எடை திரும்ப வந்துவிடுகிறது.

சரி, வண்ணம் பூசுகிறவனுக்கு மேலே யார் கட்டிக் கொடுப்பார்கள்? லேசான கம்பு ஒன்றின் நுனியில் கொக்கி வைத்து, கம்பி ஏணியோடு மேலே நீட்டி மாட்டலாம் என்று யோசித்தேன். அதையும் குகைக்காரர்கள் துண்டு துண்டாகச் சேரும் அலுமினியக் கம்பத்தில் செய்து முடித்திருக்கிறார்கள். நான் போகிற இடத்துக்கெல்லாம் யாரோ முன்பே போயிருக்கிறார்கள். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருக்கிறது, வழி சரி என்று தெரிகிறது. ஆனாலும் தொங்கும் ஏணியில் இரண்டு கையும் பிடிப்புக்கே போய்விடும், தூரிகையை எதில் பிடிப்பது? எனக்கு ஆகாது. நிற்கிற ஏணிக்கே திரும்பினேன்.

மார்ச் 15

ஏறினேன். முதல் நாள் மூன்றாம் படி வரை, கீழே மெத்தை, மைத்துனர் பிடித்துக்கொண்டு. இப்போது ஒரு வாரமாக முழு உயரம்.

முதலில் தெரிவது சத்தம். ஒவ்வொரு அடிக்கும் கயிறு விம்முகிறது. இரண்டு நாளில் பழகிவிட்டது. முன்பின்னாக ஏணி பழையதை விட விறைப்பு, பெரிய துள்ளல் இல்லை. பக்கவாட்டில்தான் குறை: எட்டிப் பூசும்போது மெலிந்த சட்டம் முறுக்கிக்கொடுக்கிறது, பழையது இவ்வளவு முறுக்காது. கயிறு பக்கவாட்டுக்கு ஒன்றும் உதவாது, இதை முதல் நாள் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. ஏணியின் இரண்டு சட்டத்துக்கும் இடையில் நின்றபடி எட்டும் தூரம் மட்டும் பூசிவிட்டு நகர்த்துகிறேன். நகர்த்துவது இப்போது சுலபம் என்பதால் எட்டிப் பூசும் ஆசையும் குறைந்திருக்கிறது.

முட்டு இடித்த இடங்கள்: படிக்கட்டுக் கைப்பிடிச் சுவர், ஜன்னல் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சிமென்ட் பலகை. இரண்டு இடத்திலும் பழைய ஏணியை எடுக்க வேண்டியிருந்தது. மின்கம்பி அருகில் வேலை செய்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம், அலுமினியமும் ஸ்டீலும் சேர்ந்த ஏணி இது.

மார்ச் 22

பெரிய ஓட்டை ஒன்று வெளியே வந்தது. உதவிக்கு வந்த பையன் ஏணியைத் திருப்பி வைத்துவிட்டான். கயிறு அவன் பக்கம், வெறும் பக்கம் சுவரில். நான்காம் படியில் கயிறு இரண்டும் தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது, ஏணி சுவரை நோக்கி வளைந்தது. நல்லவேளை, கத்தினேன், இறங்கிவிட்டான். சாய்வு சரியாக இருந்ததால் சட்டம் தாங்கியது. 60 பாகையில் வைத்திருந்தால் 10 செ.மீ.க்கு மேல் தொய்ந்திருக்கும்.

அவன்மேல் தப்பில்லை. எந்த ஏணியிலும் முன் எது பின் எது என்று யாரும் பார்ப்பதில்லை. நான் ஒரு பக்கமாக வளையும் என்று பெருமையாகச் சொன்னேனே, அந்தப் பலத்தின் மறுபக்கம் இது. சிவப்பு வண்ணம் பூசி எழுதி வைக்கலாம், ஆனால் அவசரத்தில் யாரும் எழுத்தைப் படிப்பதில்லை. திருப்பி வைக்கவே முடியாதபடி செய்ய வேண்டும்.

ஏப்ரல் 6

அடியை மாற்றினோம். சட்டத்தின் அடியில் ரப்பர் பாதத்தை 75 பாகைச் சாய்வில் நின்றால் மட்டும் தரையில் முழுசாகப் படியும்படி கோணமாக வெட்டி, அசையாமல் பொருத்திவிட்டோம். திருப்பி வைத்தால் முனையில் மட்டும் நிற்கும், கை வைத்ததும் ஆடும், ஏறத் தோன்றாது. பையனிடமே கொடுத்துத் திருப்பி வைக்கச் சொன்னேன். வைத்துப் பார்த்துவிட்டு அவனே திருப்பிக்கொண்டான். கூடவே சாய்வும் தானாகச் சரியாக அமைகிறது. இந்த ஏணியில் நான் செய்த நல்ல காரியம் கயிறா பாதமா என்று கேட்டால் இப்போது பாதம் என்பேன்.

கயிற்று நுனியை நசுக்கிப் பிடித்த உலோக உறை ஒன்று 1 மி.மீ. நழுவியிருந்தது, டர்ன்பக்கிளை இறுக்கும்போதுதான் கவனித்தேன். இரண்டையும் மாற்றிவிட்டு, இறுக்கம் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன்: ஏணியைக் கயிறு மேலே இருக்கும்படி படுக்க வைத்து, முனைக்கும் முட்டுக்கும் நடுவில் கயிற்றில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிடுவேன். கயிறு மூன்று செ.மீ.க்கு மேல் இறங்கினால் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். திங்கட்கிழமை காலை வேலைக்கு முன் தவறாமல்.

கேட்டவர் பாதி என்றார். 9-இல் பாதி 4.5, நான் 5.7-இல் நிற்கிறேன். அதில் சட்டம் 3.1, படிகள் 1.4, கயிறும் முட்டும் பாதமும் மிச்சம். சட்டத்தை இதற்கு மேல் மெலிதாக்க எனக்கு மனம் வரவில்லை, பக்கவாட்டு முறுக்கு இப்போதே எல்லையில் இருக்கிறது. உச்சி குறுகிய ஏணிக்குக் குழாய் வெட்டியாயிற்று, படியில் 200 கிராம் குறையும் என்று கணக்கு. அடுத்த ஞாயிறு பட்டறைக்குப் போகிறேன்.